கட்டு அவிழும் முன் புது வேலை

என் வலது கைச் சுட்டுவிரலில் அடிக்கணு மட்டும்தான் இருக்கிறது. மேல் இரண்டு கணுவும் திருநெல்வேலி பேட்டையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வாஷர் வெட்டும்போது போயின. அப்போது எனக்கு 31 வயது. இ.எஸ்.ஐ. இருந்ததால் வைத்தியமும் நடந்தது, சம்பளத்தில் 90 சதவீதம் தினப்படியும் வந்தது. ஆனால் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மனம் ஒப்பவில்லை. திருநெல்வேலி டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மச்சான் கூப்பிட்டார். "மாப்ள, சும்மாதான இருக்கீரு? கல்லால வந்து உக்காரும்." நானும் போய் உட்கார்ந்தேன். இடது கையால் பில் எழுதினேன். ஆள் இல்லாத நேரத்தில் ஆணி நிறுத்துப் போட்டேன்.

பத்தாம் நாள் கட்டு மாற்றப் போனபோது டாக்டர் பஞ்சைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். பஞ்சின் ஓரமெல்லாம் துருப்பொடி. "எங்க வேலைக்குப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். மறைக்க வாய் வரவில்லை. ஒன்பது நாள் தினப்படியைத் திருப்பிக் கட்டினேன். தையல் ஓரம் சீழ் வைத்து, ஆற வேண்டிய நாளுக்கு மேல் மூன்று வாரம் பிடித்தது. மச்சான் கொடுத்த கூலி மருந்துக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போயிற்று.

அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் காயம்பட்ட பலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னைப்போல அவசரப்பட்டவர்களைப் பார்த்த அளவுக்கு நேர் எதிரானவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் கால் போன பிறகு மாதாமாதம் இ.எஸ்.ஐ. நிரந்தர ஊனப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். "வேலைக்குப் போனா பென்சன நிறுத்திருவாவ" என்று யாரோ சொன்னதை நம்பி நாலு வருஷம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலை அவருக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டையும் விட்டார். அந்தப் பணம் நின்றிருக்கவே நின்றிருக்காது.

இந்த அத்தியாயம் எங்கள் இரண்டு பேருக்குமானது. புது வேலைக்குப் போகலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பணம் யார் கையிலிருந்து வருகிறது, எந்தக் கட்டத்தில் வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் பதில் தானே வந்துவிடும்.

யார் கொடுக்கும் பணம்?

பேட்டை தொழிற்பேட்டையில் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடுவார். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். இவருக்கு வேலையில் காயம் பட்டால் பணம் தர வேண்டியது இ.எஸ்.ஐ. கழகம். முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது.

நாலைந்து பேரை வைத்து ஓட்டும் லேத் பட்டறை, வெல்டிங் கடை, மர இழைப்பகம், அரிசி ஆலை, கட்டட வேலை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்காது. இவர்களுக்கு முதலாளிதான் பொறுப்பு. 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று வந்து, 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பேர் மாறியதே, அது இவர்களுக்கானது. காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவரானால், வேலையைக் காண்ட்ராக்ட் விட்ட முதலாளியிடமே கேட்கலாம். "அவன் என் ஆளே கிடையாது" என்று அவர் சொல்வதால் அந்த உரிமை போய்விடாது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1923 சட்டமும் 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டன. அதனால்தான் நான் பிரிவு எண்களைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மனுவில் எந்த எண் போடுவது என்பதை விபத்து நடந்த தேதியை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய அடிப்படைகள் பழையது, புதியது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

இ.எஸ்.ஐ.யில் தற்காலிகப் பணம் வரும்போது

டி.டி.பி. என்று நாம் சொல்லும் தற்காலிக ஊனப் பணத்துக்கு விதி தெளிவாக இருக்கிறது. எந்த நாளில் வேலை செய்கிறீர்களோ அந்த நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. பழைய கம்பெனி, புதுக் கம்பெனி, மச்சான் கடை எல்லாமே வேலைதான். "சும்மா ஒத்தாசைக்கு உக்காந்திருந்தேன்" என்று சொல்லிக் கூலி வாங்கினால் அது ஒத்தாசை ஆகாது. வைத்தியத்தில் இருக்கும் காலத்தில் குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக் கூடாது என்பதும் விதியில் உண்டு. தப்பாக வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். பொய்யாக எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தால் வழக்கும் போடலாம்.

பணக் கணக்கிலும் அது லாபமில்லை. தினச் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.பி. 540 ரூபாய். ஒற்றைக் கையோடு கடையில் உட்கார்ந்தால் 350 தருவார்கள், மிஞ்சினால் 400. கையில் வரும் 540ஐ விட்டுவிட்டு 350க்குப் போய், காயத்தையும் கெடுத்துக்கொள்கிறோம். டி.டி.பி.க்கு இத்தனை நாள்தான் என்று உச்சவரம்பு கிடையாது. ஆறும்வரை வரும். ஆகவே இந்தக் கட்டத்தில் என் யோசனை ஒன்றுதான்: ஆறட்டும். புது வேலை பேசி வையுங்கள், போய்ப் பாருங்கள், சம்பளம் கேளுங்கள். ஆனால் சேரும் தேதி, டாக்டர் கடைசிச் சான்று கொடுத்ததற்கு மறுநாளாக இருக்கட்டும்.

அதற்கு முன்பே சேர்ந்தே தீர வேண்டிய நிலை வந்தால் டாக்டரிடம் நேரே சொல்லுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இன்ன வேலைக்குப் போறேன் சார், முடியுமா பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டால், ஒன்று அவர் ஃபிட்னஸ் கொடுப்பார், அல்லது வேண்டாம் என்பார். ஃபிட்னஸ் கொடுத்தால் டி.டி.பி. அன்றோடு முடியும், புதுச் சம்பளம் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஒளிக்க எதுவும் இருக்காது.

டி.டி.பி. வாங்கும் காலத்தில் முதலாளி உங்களை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ முடியாது, நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது. "வராட்டா ஆளை மாத்திருவேன்" என்ற மிரட்டலுக்குப் பயந்து, கட்டோடு வேறு இடம் தேடி ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிரந்தரப் பணம் வேறு

கடைசிச் சான்று வந்த பிறகும் விரல் மடங்கவில்லை, பார்வை குறைந்துவிட்டது, காலைத் தாங்கித் தாங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்றால் மெடிக்கல் போர்டுக்கு எழுதிப் போட வேண்டும். ஆறி முடிந்ததே என்று அப்படியே புது வேலைக்குப் போய், போர்டை மறந்துவிடுகிறவர்கள் பாதிப்பேர். தயவுசெய்து அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்று போர்டு முடிவு செய்யும். சுட்டுவிரலில் இரண்டு கணு போனதற்கு அட்டவணைப்படி 11 சதவீதம். மேலே சொன்ன 600 ரூபாய்க்காரருக்கு 540இல் 11 சதவீதம், அதாவது நாளைக்கு 59 ரூபாய் 40 காசு. முப்பது நாளுக்கு 1,782 ரூபாய் ஆகிறது, ஆயுள் முழுக்க.

இந்தப் பணம் வேலைக்குப் போவதால் நிற்காது. புதுக் கம்பெனியில் பழைய சம்பளத்தைவிட இரண்டு மடங்கு வாங்கினாலும், 21,000 தாண்டி இ.எஸ்.ஐ.யை விட்டே வெளியே போனாலும் வரும். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணாச்சிக்கு நான் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "யாராவது ஒருத்தன் சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இ.எஸ்.ஐ. நீதிமன்றம் உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் உத்தரவு கைக்கு வந்த வாரமே போங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் வந்து, வயது 45ஐத் தாண்டாதவர்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொள்ளும் காலத்தில் இ.எஸ்.ஐ. படி தருகிறது. வேலை பார்க்கவே முடியாமல் போனவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் வைத்தியத்தைத் தொடரலாம். ஓய்வு பெறும் வயதுவரை அந்த வசதி உண்டு.

முதலாளியே கொடுக்க வேண்டிய இடத்தில்

இங்கே கதை மாறுகிறது. இழப்பீட்டுச் சட்டத்தில் தற்காலிக ஊனத்துக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை பணம். அது மாதச் சம்பளத்தில் கால் பங்கு. மாதம் 15,000 வாங்கியவருக்கு அரைமாதத்துக்கு 3,750, மாதத்துக்கு 7,500. பாதிச் சம்பளத்தில் யார் குடும்பம் ஓடும்? ஆகவே இந்தக் கட்டத்தில் இருப்பவர் காயத்தோடு கொஞ்சம் சம்பாதிக்கப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். சட்டமும் சொல்வதில்லை. ஒரு கணக்கு மட்டும் வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கு இதுதான். காயத்துக்கு முன் வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதியை எடுங்கள். இப்போது சம்பாதிப்பதில் பாதியை அதிலிருந்து கழியுங்கள். வருகிற தொகைக்கு மேல் அரைமாதப் பணம் போகக் கூடாது. 15,000 வாங்கிய நம் ஆள் டவுனில் ஜவுளிக்கடையில் மாதம் 6,000க்கு உட்கார்கிறார். 7,500இல் 3,000 போனால் 4,500. அவருக்கு வர வேண்டியது 3,750தான், அது 4,500க்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பைசா குறையாது. மாதம் 13,500 கையில் வரும். புதுச் சம்பளம் 7,500 ஆனாலும் குறையாது. அதற்கு மேல் போனால்தான் குறைய ஆரம்பிக்கும். 10,000க்குப் போனால் அரைமாதப் பணம் 2,500 ஆகும், மாதம் 5,000. இரண்டும் சேர்ந்து பழைய 15,000.

சுருக்கமாக நான் ஆட்களிடம் சொல்வது: பழைய சம்பளத்தில் பாதிவரை தாராளமாகச் சம்பாதியுங்கள், இழப்பீட்டில் கை வைக்க முடியாது. பாதிக்கு மேல் போனால் கூடுகிற அளவு அங்கே குறையும். பழைய சம்பளம் முழுக்க வந்துவிட்டால் இது நிற்கும். ஒளிக்கவே தேவையில்லாத கணக்கு இது. புது வேலையில் எவ்வளவு என்று பழைய முதலாளிக்கு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். "வேலைக்குப் போய்ட்டல்லா, இனி எதுக்கு உனக்குக் காசு?" என்று அவர் மொத்தமாக நிறுத்தினால், திருநெல்வேலியில் தொழிலாளர் துணை ஆணையரிடம் போகலாம். இழப்பீட்டு ஆணையராக இருந்து இந்த வழக்குகளைக் கேட்டு வந்தவர் அவர்தான்.

இந்த அரைமாதப் பணம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரும். ஊனம் 28 நாளுக்குக் குறையாமல் நீடித்தால் விபத்து நாளிலிருந்தே கணக்கு, அதற்குக் குறைவானால் முதல் மூன்று நாள் கழியும். வைத்தியச் செலவை ரசீதுப்படி முதலாளி தர வேண்டும். கோரிக்கை மனுவை இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நிரந்தர ஊனத்துக்கு மொத்தத் தொகை. அதற்கும் புதுச் சம்பளத்துக்கும் உள்ள உறவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 30 வயது ஆள், மாதம் 15,000, சுட்டுவிரல் முழுதாகப் போயிற்று. சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்கு அட்டவணையில் உள்ள பெருக்கு எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820. முழுச் சுட்டுவிரலுக்கு 14 சதவீதம், அதாவது 2,62,055 ரூபாய். அட்டவணையில் உள்ள காயம் என்பதால் இந்தத் தொகையை யாரும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. நீங்கள் மறுநாளே வேறு வேலையில் சேர்ந்திருந்தாலும் இதே தொகைதான்.

அட்டவணையில் இல்லாத காயங்களில், உதாரணமாக முதுகெலும்பு நழுவியது, தோள் தூக்க முடியாமல் போனது போன்றவற்றில், டாக்டர் மதிப்பிடும் சதவீதம்தான் எல்லாம். அங்கேதான் எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் புது வேலையைக் கையில் எடுப்பார். "இவர் இப்போது சம்பாதிக்கிறாரே, திறன் எங்கே போயிற்று?" என்பார். அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. நிரந்தர ஊனத்தில் பார்க்க வேண்டியது, விபத்துக்கு முன் நீங்கள் செய்யக்கூடியதாக இருந்த வேலைகளில் உங்கள் திறன் எவ்வளவு குறைந்தது என்பது. வெல்டர் வேலையும் ஃபிட்டர் வேலையும் மூட்டை தூக்கும் வேலையும் செய்த ஒருவர் இன்று வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினால், அவர் திறன் திரும்பி வந்துவிட்டது என்று ஆகாது.

1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த தச்சர் வழக்கு ஒன்று இன்றும் எங்களுக்குத் துணை. சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார், இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அதை முழு ஊனமாகக் கொள்ள முடியாது என்றது முதலாளி தரப்பு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இவருக்கு நூற்றுக்கு நூறு என்று ஆணையர் முடிவு செய்ததை நீதிமன்றம் சரி என்றது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொல்லியது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி கேட்கலாம்.

டாக்டரிடம் வாங்க வேண்டிய தாள்

நம் ஊர்ச் சான்றுகளில் பெரும்பாலும் இரண்டே சொல்தான் இருக்கும்: ஃபிட், அன்ஃபிட். காயம்பட்டவனின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என் விரல் ஆறிய பிறகு நான் ஃபிட்தான். ஆனால் கிரைண்டரைப் பிடித்தால் அந்த மொட்டை நுனியிலிருந்து தோள்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கும். ஃபிட் என்ற சொல்லில் அது எங்கே இருக்கிறது?

ஆகவே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியானாலும் சரி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் சரி. "லைட் டியூட்டி" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் அது வேறு வேறு அர்த்தம் தரும். கீழ்க்கண்ட மாதிரி வேண்டும்:

"வலது கையால் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கிரைண்டர், டிரில் போன்ற அதிர்வுள்ள கருவிகளைப் பிடிக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை."

எண் இருக்க வேண்டும், கருவியின் பேர் இருக்க வேண்டும், எத்தனை நாளைக்கு என்று இருக்க வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள். நீங்கள் செய்யப்போகும் வேலையை டாக்டருக்கு விளக்கிச் சொன்னால்தான் அவரால் எழுத முடியும். முடிந்தால் புது வேலையின் இடத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நான் ஒரு தம்பிக்கு அப்படிச் சொல்லி அனுப்பினேன். படத்தில் இருந்த படிக்கட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "பாரத்தோட இதுல ஏறாதீங்க" என்று ஒரு வரி சேர்த்தார். அவன் முட்டியை அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது.

தனியார் இடங்களில் இந்தத் தாளைக் காட்டினால் லேசான வேலை தந்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டிப்போடுகிற பொது விதி கிடையாது. அரசுப் பணியில் இருப்பவரை ஊனத்தைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பட்டறைக்காரனுக்கு அந்தக் காப்பு இல்லை. அப்படியானால் தாள் எதற்கு? டாக்டர் சொன்னதை மீறி வேலை செய்து காயம் முற்றினால், முற்றிய பாகத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். சொன்னபடி நடந்தீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

பழைய இடத்தை விடும்போது

கண்ணீர் வருகிற அளவுக்கு மக்கள் தோற்கிற இடம் இது. புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் பழைய முதலாளி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் இரண்டு வரி இருக்கும். "சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு நிற்கிறேன்" என்பது ஒன்று. "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி பாத்தியதை எதுவும் இல்லை" என்பது மற்றது.

இரண்டாவது வரிக்கு ஓரளவு மருந்து உண்டு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஸ்டாம்பு பேப்பரில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். மொத்தமாகப் பேசி முடிப்பதானால் அந்த ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும். ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டாரே என்று மனசு விட்டுவிடாதீர்கள்.

முதல் வரிதான் ஆபத்து. பணிக்கொடை சாதாரணமாக ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்குத்தான். ஆனால் ஊனத்தால் வேலையை விடுகிறவருக்கு அந்த ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. மூன்று ஆண்டு வேலை பார்த்து விரலை இழந்து, அதனால் பழைய வேலையைச் செய்ய முடியாமல் நிற்பவருக்கும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் உண்டு. "சொந்தக் காரணம்" என்று எழுதிய நிமிஷத்தில் அதை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்:

"ஐயா, இன்ன தேதியில் தங்கள் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை செய்யும்போது என் வலது கையில் ஏற்பட்ட காயத்தால், நான் செய்துவந்த பிரஸ் ஆபரேட்டர் வேலையைத் தொடர முடியவில்லை. அதன் காரணமாக இன்ன தேதியுடன் பணியிலிருந்து விலகுகிறேன். எனக்குச் சேர வேண்டிய பணிக்கொடையையும் பிற தொகைகளையும் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். இழப்பீடு தொடர்பான என் உரிமைகள் இந்தக் கடிதத்தால் பாதிக்கப்படாது."

பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்று வந்ததும் அதை நகலோடு பின் போட்டு வையுங்கள். நேரில் கொடுத்து, "வச்சுட்டுப் போ, பாக்குதேன்" என்று சொல்லி வாங்கி வைத்த கடிதங்கள் பிறகு கண்ணில் பட்டதில்லை.

புது இடத்தில் முதல் நாள்

இ.எஸ்.ஐ. எண் ஆயுளுக்கு ஒன்றுதான். புதுக் கம்பெனியில் "முன்னாடி இ.எஸ்.ஐ. இருந்துச்சா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். புது எண் போட்டுவிட்டால் பழைய விபத்துக் கணக்கும் புதுச் சந்தாவும் இரண்டு பேருடையது போலப் பிரிந்து கிடக்கும். பழைய எண்ணைக் கொடுங்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணும் அப்படியே.

காயத்தை மறைக்க வேண்டாம். விரல் போனது கண்ணுக்குத் தெரியும், முதுகு போனது தெரியாது. முதுகுக்காரர்கள்தான் மறைக்கிறார்கள், பிறகு அவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். புது இடத்தில் மூட்டை தூக்கி மறுபடி முதுகு பிடித்தால், "இது பழசு, எங்க பொறுப்பு இல்ல" என்று புதியவர் சொல்வார். "எங்ககிட்ட ஆறிப் போயிட்டு" என்று பழையவர் சொல்வார். பழைய காயம் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் எந்த நிலையில் இருந்தது என்பது தாளில் இருந்தால் புதுக் காயத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம்.

அதற்காக வைத்தியக் கோப்பு முழுவதையும் மேஜையில் கொட்ட வேண்டியதில்லை. எதனால் காயம், யார் மேல் தப்பு, எவ்வளவு பணம் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாதவை. "இந்த வேலையெல்லாம் செய்வேன், இந்த ரெண்டு மட்டும் டாக்டர் வேண்டாம்னுருக்காரு" என்று கட்டுப்பாட்டுத் தாளின் நகலைக் கொடுத்தால் போதும். முடிகிறதை முதலில் சொல்லுங்கள், முடியாததைப் பிறகு சொல்லுங்கள். மொட்டை விரலோடு நான் இரண்டாவது பட்டறையில் சேர்ந்தபோது ஃபோர்மேன் கையைப் பார்த்துவிட்டு யோசித்தார். வெர்னியரை வாங்கி இடது கையில் பிடித்து ஒரு புஷ்ஷை அளந்து சொன்னேன். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார வைத்தார். பிரஸ் சத்தம் கேட்டால் கை தன்னால் பின்னுக்கு இழுத்தது, ஆறேழு மாதம் அப்படி இருந்தது. அதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு

நம் பக்கத்துப் பிள்ளைகள் காயம் பாதி ஆறியதும் திருப்பூர், கோயம்புத்தூர், மும்பை என்று கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் ஒரு விஷயம். முதலாளி தரப்பு டாக்டர் பரிசோதிக்கும் முன் வேலை பார்த்த ஊரை விட்டுத் தானாகப் போய்விட்டால், திரும்பி வந்து பரிசோதனைக்கு நிற்கும்வரை இழப்பீட்டு உரிமை நிறுத்தி வைக்கப்படும். இ.எஸ்.ஐ.யிலும் வைத்தியம் நடக்கும் பகுதியை அனுமதி இல்லாமல் விட்டுப் போகக் கூடாது. ஆகவே முதலில் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. வைத்தியத்தில் இருப்பவர், போகும் ஊரைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்துக் காயம்பட்ட தம்பிகளும் அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே 2020 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள வேலைக்காயச் சட்டத்தில், காயத்தால் லேசான வேலைக்கு மாறிச் சம்பளம் குறைந்தாலும் அந்தக் குறைவுக்கு இழப்பீடு உண்டு. ஆனால் பெர்மிட்டில் எழுதிய முதலாளியைத் தவிர வேறு எவரிடமும் வேலை செய்யக் கூடாது. அங்கே கட்டோடு வேறு கடையில் கைவேலைக்குப் போனால் பெர்மிட்டே போய்விடலாம்.

புது வேலைக்குச் சேரும் நாளில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்: கடைசிச் சான்று, கட்டுப்பாட்டுத் தாள், விபத்து அறிக்கையின் நகல், இ.எஸ்.ஐ. எண், பழைய இடத்துக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. மூலத்தை வீட்டில் வையுங்கள், நகலைக் கொண்டு போங்கள். மறுபரிசோதனை தேதியை அந்த உறையின் மேலேயே பெரிதாக எழுதி, சம்பளம் பேசும்போதே சூப்பர்வைசரிடம் காட்டி, "அன்னைக்கு மட்டும் லீவு வேணும் அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.